ஆர்டர் குறைந்த காலத்தில் கெமிக்கல் வாங்குவோருக்கு

திருப்பூர் சாயப்பட்டறை உரிமையாளர்களுக்கும் கொள்முதல் பார்ப்பவர்களுக்கும் வணக்கம்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் ஏற்றுமதி ஆர்டர்கள் சுருங்கின. இப்படிக் கை இறுகும்போதெல்லாம் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைத்துத் தருபவரின் லோடுதான் பட்டறைக்குள் வருகிறது. அந்த இரண்டு ரூபாய் பெரும்பாலும் லாபமே இல்லை என்பதை, லேபில் தினமும் டெஸ்ட் பார்க்கும் நாங்கள் சொல்லியாக வேண்டும்.

காஸ்டிக் சோடாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 98 சதவீத ஃப்ளேக்ஸ் (செதில்) கிலோ 50 ரூபாய், தண்ணீரில் கரைத்து வரும் 48 சதவீத லை கிலோ 23 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூறு சதவீதக் கணக்கில், அதாவது உள்ளே இருக்கும் சுத்தமான காஸ்டிக் ஒரு கிலோவுக்கு, ஃப்ளேக்ஸ் 51, லை 48 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. லைதான் மலிவு. ஆனால் வந்த டேங்கரில் 44 சதவீதம்தான் இருந்தால் அதே லை 52 ரூபாய்க்கு மேல் போய்விடும். அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டரை மட்டும் நம்பாதீர்கள்; உப்பு கலந்திருந்தாலும் அது கனம் காட்டும். ஆசிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளந்து டைட்ரேட் செய்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மலிவாகக் கிடைக்கிறதென்று ப்ளீச்சிங்குக்கான ஹைட்ரஜன் பெராக்சைடையும் ஹைட்ரோஸையும் (சோடியம் ஹைட்ரோசல்ஃபைட் தூள்) குவித்து வைக்காதீர்கள். தகரக் கூரைச் சூட்டில் பெராக்சைடு தானாகவே வீரியம் இழக்கும். துருத் துகள் விழுந்தால் இன்னும் வேகமாகச் சிதையும். அதே துரு துணியில் ஒட்டியிருந்தால் ப்ளீச்சிங்கில் அந்த இடம் ஓட்டையாகிவிடும். பெராக்சைடு கேனில் காற்றுப்போக்கி மூடிதான் இருக்க வேண்டும். அளந்ததில் மிச்சத்தைத் திரும்ப ஊற்றக் கூடாது. ஹைட்ரோஸ் டிரம்மில் ஈரக் கரண்டி போட்டாலே போதும், சூடேறி, மூக்கை அரிக்கும் கந்தக நெடி கிளம்பி, தீப்பிடிக்கும் அளவுக்குப் போகும். திறந்த டிரம்மை முடித்த பிறகே அடுத்ததைத் திறங்கள்.

சாயம் ஏறப் போடும் உப்பை நனையாமல் வைத்தால் கெடாது, மொத்தமாக வாங்கலாம். அதற்கு முன் 100 மில்லி ஆர்ஓ தண்ணீரில் (சவ்வு வழியே வடிகட்டி உப்பு நீக்கியது) 10 கிராம் உப்பைக் கரைத்து, ஒரு சிட்டிகை சோடா ஆஷ் போட்டுக் கொதிக்க வையுங்கள். பால்போலக் கலங்கினால் கால்சியமும் மக்னீசியமும் இருக்கின்றன. அந்த உப்பில் ஷேடு மங்கும். மறுசாயம் போட்டால் அந்தக் கழிவுத் தண்ணீரும் சுத்திகரிப்புக்கு ஆர்ஓ, எவாப்பரேட்டர் (ஆவியாக்கும் கருவி) வழியாகத்தான் போயாக வேண்டும். அந்தச் செலவை எந்தக் கொட்டேஷனிலும் பார்க்க முடியாது.

உங்களிடம் கேட்பது இரண்டு. லோடு இறங்குமுன் சாம்பிள் லேபுக்கு வரட்டும். நல்ல சரக்கு தரும் டீலருக்குச் சொன்ன தேதியில் பணம் போகட்டும். நாள் தள்ளத் தள்ள வட்டியை அவர் விலையில் ஏற்றுவார், இல்லையென்றால் வீரியத்தில் குறைப்பார்.

இப்படிக்கு,
சாய லேப் பணியாளர்கள்