ஜெனீவாவில் இந்தியாவுக்காக வாக்களிப்பவர்களுக்கு

மதிப்பிற்குரிய தூதர்களே,

நாகர்கோவிலிலிருந்து எழுதுகிறேன். 2022 அக்டோபர் 6 அன்று ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் இலங்கையின் மனித உரிமை மீறல்களுக்குப் பொறுப்பேற்கக் கோரும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. சீனாவின் சின்ஜியாங் பகுதியில் வாழும் உய்கர் முஸ்லிம் மக்களின் நிலையை விவாதிக்கலாமா என்ற வாக்கெடுப்பும் அன்றுதான். இரண்டிலும் இந்தியா விலகி நின்றது. உய்கர் விவாதம் வேண்டும் என்றவை 17 நாடுகள், வேண்டாம் என்றவை 19 நாடுகள். உய்கர் மக்களைப் பற்றிப் பேசவே முடியாமல் போயிற்று. 2012லும் 2013லும் இலங்கைக்கு எதிராக வாக்களித்த நாடுதான் இது.

"நம்மிடமே இத்தனை குறை இருக்கும்போது அடுத்த நாட்டைச் சொல்ல நமக்கென்ன யோக்கியதை?" என்று இங்கே பலர் கேட்கிறார்கள். எங்கள் மாவட்டத்துக்காரர்கள் அப்படிக் கேட்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தோள்சீலைப் போராட்டம் நடந்த மண் இது. மார்பை மறைத்ததற்காக நாடார் பெண்கள் அடிக்கப்பட்டார்கள், சீலை கிழிக்கப்பட்டது. பல பத்தாண்டுகள் அவர்கள் விடாமல் போராடினார்கள். கடைசியில் சென்னையின் பிரிட்டிஷ் ஆளுநர் சார்லஸ் டிரெவெலியனும், அன்று எங்கள் மண்ணை ஆண்ட திருவிதாங்கூர் அரசை நெருக்கினார். 1859 ஜூலை 26 அன்று மன்னர் இறங்கிவந்து ஆணை பிறப்பித்தார். அதுவும் அரைகுறை ஆணை, மேல்சாதிப் பெண்களைப் போல அணியக்கூடாது என்ற நிபந்தனையோடு. அந்த டிரெவெலியன் யார்? அயர்லாந்துப் பஞ்சத்தின்போது லண்டன் கருவூலத்தில் அமர்ந்து நிவாரணத்தை இறுக்கிப் பிடித்தவர் என்று ஐரிஷ் மக்கள் இன்றும் கசப்போடு நினைக்கும் அதிகாரி. அவருடைய அரசோ 1857 கிளர்ச்சியை ரத்தத்தில் அடக்கிய கை உலராத அரசு. "முதலில் உன் கையைக் கழுவு" என்று திருவிதாங்கூர் சொல்லியிருந்தால் அது நியாயமாகவே இருந்திருக்கும். ஆனால் அதைக் கேட்டு அவர் வாயை மூடியிருந்தால் இரணியல் சந்தையில் அடிபட்ட பெண்ணுக்கு என்ன கிடைத்திருக்கும்?

1946ல் தென்னாப்பிரிக்காவின் இனப்பாகுபாட்டை ஐ.நா.வுக்குக் கொண்டுபோனதும் நாம்தான். தீண்டாமையை ஒழிக்கும் அரசியல் சாசனம் அப்போது எழுதப்படவே இல்லை.

எனவே பேசுங்கள். திருப்பிக் கேட்பார்கள், கேட்கட்டும். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997ல் கையெழுத்திட்ட இந்தியா, அதற்கு இன்றுவரை ஒப்புதல் அளிக்கவில்லை. 2020ல் தூத்துக்குடி மாவட்டத்தின் சாத்தான்குளத்தில் காவலர்களிடம் அடிபட்டுத் தந்தையும் மகனும் இறந்தபோது நாங்கள் கொதித்தோம். அதை இலங்கைத் தூதர் எழுப்பினால் நமக்கு வலிக்கும்தான். அந்த வலிக்கு அஞ்சி, எங்கள் மாவட்ட முகாம்களில் வாழும் ஈழத்தமிழர்களின் நீதியை விட்டுக்கொடுக்காதீர்கள். இலங்கை குறித்த அடுத்த வாக்கெடுப்பில் தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களியுங்கள். சித்திரவதைக்கு எதிரான அந்த உடன்படிக்கைக்கு உடனே ஒப்புதல் அளிக்க வேண்டும் என்று டெல்லிக்கும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
நாகர்கோவில் குடிமகன் ஒருவன்