பதினாலு பிட் எண்டால் குப்பையோ?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்கட பேப்பரில பழைய ஓடியோ சாமான்கள் பற்றி வந்த கட்டுரையை வாசிச்சன். நல்லாத்தான் எழுதியிருக்கிறார், ஆனா நடுவில ஒரு இடத்தில, ஆரம்ப கால சீடி பிளேயர்கள் சிலது 14 பிட் தான் (பிட் கூடக்கூடச் சத்தத்தை நுணுக்கமா எழுதலாம்), சீடியில 16 பிட் கிடக்கேக்க அதுகள் ரெண்டு பிட்டைத் தூக்கி எறிஞ்சுபோட்டுத்தான் பாடும், ஆனபடியா குப்பை எண்ட மாதிரி எழுதிப்போட்டார். அதை வாசிச்ச எங்கட ஒழுங்கைக்காரர் ஒராள் வீட்டில கிடந்ததைப் பழைய இரும்புக்காரனுக்குக் குடுக்க எடுத்து வைச்சிட்டார், அதாலதான் இதை எழுதுறன்.

என்னட்டையும் அப்பிடி ஒண்டு கிடக்கு. மாடலைச் சொல்லமாட்டன், சொன்னால் நாளைக்கே விலையை ஏத்திப்போடுவினம். 2002 இல ஏ9 றோட்டுத் திறந்தாப்பிறகு சித்தப்பா டென்மார்க்கில இருந்து வரேக்க கொண்டந்தது. 2008 இல சண்டைக்கு நாங்கள் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிடேக்க அது திருத்தக் குடுத்து வவுனியாவில மாமி வீட்டில நிண்டது, அதால தப்பீற்று. மத்ததுகளைப் பற்றிக் கதைச்சு வேலையில்லை.

இவ்வளவு காலமும் பாடிக்கொண்டிருந்தது, போன வருசம் பாட்டுக்குப் பின்னால ம்ம்ம் எண்டு ஒரு இரைச்சல் வரத் தொடங்கிச்சு. ரவுணில ஒருத்தரிட்டைக் கொண்டு போனன், மூடியைக்கூடக் கழட்டேல்ல, "லேசர் போட்டுதண்ணை, எறிஞ்சுபோட்டு வேறை ஒண்டு எடுங்கோ, என்னட்டைக் கிடக்கு" எண்டார். நானும் முப்பது வருசமா றேடியோ திருத்துறவன். லேசர் போனால் சீடி வாசிக்காது, இல்லாட்டில் துள்ளித் துள்ளிப் பாடும், இரையாது. பேசாம வாங்கிக்கொண்டு வந்திட்டன், வந்து அளந்து பாப்பம் எண்டு யோசிச்சன்.

அளக்கிறதுக்குப் பெரிய லாப் ஒண்டும் தேவையில்லை. மருமகனிட்டை யூஎஸ்பியில கொழுவுற ரெக்கோடிங் பெட்டி ஒண்டு இருந்தது, லப்டொப்பில ஒடாசிற்றி எண்ட சும்மா கிடைக்கிற மென்பொருள். லப்டொப்பின்ர மைக் ஓட்டையில நேரா குத்திப்போடாதேங்கோ, சீடி பிளேயர் ரெண்டு வோல்ற் வரைக்கும் வெளியில விடும், மைக் ஓட்டை மில்லிவோல்ற் கணக்குக்குச் செய்தது, எல்லாம் கிழிஞ்சுதான் கேக்கும். முதல்ல அந்தப் பெட்டியின்ர அவுட்டை அதின்ர இன்னிலயே கொழுவி வெறுமனே ஒருக்கா அளக்கவேணும், தராசில சாமான் வைக்கமுதல் முள்ளைப் பாக்கிற மாதிரி. இல்லாட்டில் பெட்டியின்ர இரைச்சலை எல்லாம் பிளேயரின்ர தலையில கட்டிப்போடுவம்.

பிறகு ஒரு சீடி எழுதினன். ஒரு பாட்டும் இல்லை, வெறும் சத்தங்கள்: முழு அளவில 997 ஹேர்ட்ஸ், அதையே 60 டெசிபெல் குறைச்சு, 90 டெசிபெல் குறைச்சு, 20 இல இருந்து 20,000 ஹேர்ட்ஸ் வரைக்கும் ஏறிப்போற சத்தம் ஒண்டு, கடைசியில சும்மா மௌனம். ஏன் 997, ஆயிரம் எண்டு போட்டால் என்ன எண்டு மருமகன் கேட்டான். சீடியில செக்கனுக்கு 44,100 சாம்பிள், அதாவது சத்தத்தை அளந்து எழுதின இலக்கங்கள், ஆயிரம் எண்டு போட்டால் 441 சாம்பிளுக்கு ஒருக்கா அதே இலக்கங்கள்தான் திருப்பித் திருப்பி வரும், 997 எண்டால் கனக்க இலக்கங்கள் மாறிமாறி வந்து, இலக்கத்தைச் சத்தமா மாத்துற டாக் சிப்பை நல்லாச் சோதிக்கும். வெறும் சீடி-ஆரில எழுதுங்கோ, திருப்பி அழிச்சு எழுதுற சீடி வெளிச்சத்தைச் சரியாத் தெறிக்காது, பழைய லேசர் அதைத் திரும்பியும் பாக்காது.

முதல் அளவையில, எந்த ஹேர்ட்ஸில எவ்வளவு சத்தம் எண்டு காட்டுற ஸ்பெக்ட்ரம் படத்தில, 50 ஹேர்ட்ஸில ஒரு பனை நிண்டுது. சரி பிளேயர்தான் பிழை எண்டு நினைச்சிட்டன், நல்ல வேளையா லப்டொப் சார்ஜரைக் கழட்டிப் பாத்தன், பனை காணாமப் போச்சு. கரண்டிலயே அலைஞ்சு திரியிற இரைச்சல் அது, ஏர்த் வயர் வழியா சுத்தி வாறது, பிளேயர் பாவம். ஆனா 100 ஹேர்ட்ஸில நிண்டது மட்டும் அசையேல்ல. இதைத்தான் நான் சொல்ல வாறன், என்ர காதுக்கு ரெண்டும் ஒரே ம்ம்ம் தான், 50க்கும் 100க்கும் வித்தியாசம் ஸ்பெக்ட்ரத்தில பாத்தால்தான் வடிவாத் தெரியும். 100 எண்டால் எங்கட 50 ஹேர்ட்ஸ் கரண்டு டயோட்டுக்குள்ளால திருப்பி விடுபட்டு ரெண்டு மடங்காகி வாறது, அதை மட்டப்படுத்துறது பவர் சப்ளையில இருக்கிற பெரிய கப்பாசிற்றர் ரெண்டு. நாப்பது வருசத்தில காய்ஞ்சு போச்சு, வேறொண்டுமில்லை. ரெண்டையும் மாத்தினன், திருப்பி அளந்தன், 100 ஹேர்ட்ஸ் 20 டெசிபெல்லுக்கு மேல இறங்கீற்று. லேசருக்கு ஒண்டுமில்லை.

இனி அந்த 14 பிட் கதை. சீடியைச் சேர்ந்து செய்த ரெண்டு கொம்பனியில பிலிப்ஸ்காரர் 14 பிட் சிப்போட நிண்டவை, சோனி 16 தான் வேணும் எண்டு நிண்டு 16 எண்டு முடிவாச்சு. 1982 ஒக்ரோபரில ஜப்பானில முதல் பிளேயர் கடைக்கு வந்தது. பிலிப்ஸ் என்ன செய்தவை எண்டால் கையில இருந்த 14 பிட் சிப்பையே செக்கனுக்கு 44,100 தரத்துக்குப் பதிலா நாலு மடங்கு, 176,400 தரம் ஓட விட்டவை. விட்டுப்போட்டு, ஒவ்வொரு தரமும் வெட்டுப்படுற மிச்சத்தை எறியாமல் அடுத்த சாம்பிளின்ர கணக்கில சேத்தவை. சங்கக்கடையில சில்லறை இல்லை எண்டால் மனேச்சர் கொப்பியில எழுதி வைச்சு அடுத்த முறை சாமானில கழிப்பார் எல்லோ, அதேதான். ஒருக்காக் கூட ஒருக்காக் குறைய இருக்கும், மொத்தத்தில கணக்குப் பிழைக்காது. அதால வாற இரைச்சல் காதுக்கு எட்டாத மேல் பக்கத்துக்குப் போயிடும். பாட்டுக்கும் இரைச்சலுக்கும் இடைவெளி 14 பிட்டுக்கு 84 டெசிபெல், நாலு மடங்கு ஓட்டத்தால 6, மிச்சத்தைச் சேக்கிறதால 7, மொத்தம் 97 எண்டு அவையின்ர கணக்கு. 16 பிட்டுக்குப் புத்தகக் கணக்கே 98 தான் ஐயா.

கணக்கை ஆரும் எழுதலாம் எண்டு உங்கட எழுத்தாளர் சொல்லுவார், அதுக்குத்தான் அந்த 90 டெசிபெல் குறைச்ச சத்தம். ரெண்டு பிட்டைச் சும்மா வெட்டி எறியிற பிளேயர் எண்டால் அது ஒண்டில் காணாமப் போகவேணும், இல்லாட்டில் சதுர அலையா உடைஞ்சு நிக்கவேணும். என்ர பிளேயரில அது வடிவா, தனி ஊசி மாதிரி 997 இல நிண்டுது. மருமகனுக்கும் காட்டினன், அவன் அதைப் போனில படம் எடுத்து வைச்சிருக்கிறான்.

அதே நேரம் மத்தப் பக்கத்துக்காரருக்கும் ஒண்டு. பழைய பிளேயர் எண்டால் சத்தம் "சூடா", "குளிர்ச்சியா" இருக்கும் எண்டு சொல்லி அரை லட்சம் ஒரு லட்சம் கேக்கினம். என்ர பிளேயரில 20 இல இருந்து 20,000 வரைக்கும் கோடு இரணைமடுக் குளத்துத் தண்ணி மாதிரி மட்டமாக் கிடக்கு, அரை டெசிபெல் ஏற்ற இறக்கம் கூட இல்லை. சூடு எங்கை இருக்கெண்டு நானும் தேடிப் பாத்தன். கரண்டில்லாத காலத்தில சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோவைச் சுத்திக் கசட் கேட்ட ஆக்கள் நாங்கள், சுத்துறவனுக்குக் கை நோகப் பாட்டும் இழுபடும், அதிலதான் ஐயா உண்மையான சூடு இருந்தது.

அந்த வரியை மட்டும் ஒருக்காத் திருத்திப் போட்டால் புண்ணியமாப் போகும், இரும்புக்காரன் எங்கட ஒழுங்கைக்கு வெள்ளிக்கிழமைதான் வாறவன். என்ர பிளேயரில இப்ப வலப்பக்கம் மட்டும் இடப்பக்கத்தை விட கொஞ்சம் குறைவாக் காட்டுது, அவுட்புட் பக்கத்தில எங்கையோ ஒரு ரெசிஸ்டர் எண்டு நினைக்கிறன், இந்த மழை விட்டாப்பிறகு கழட்டிப் பாக்கவேணும்.

இப்படிக்கு,
றேடியோ திருத்துற ஒருத்தன்,
கிளிநொச்சி.