எடுக்கலாமா, விடலாமா: டிரெய்லர் ஓட்டும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உனக்கென்று ஒதுக்கியிருந்த டிரெய்லரில் காற்று இறங்கும் சத்தம் கேட்டது, பின்பக்கம் இடது ஓரத்தில் மஞ்சள் விளக்கு அணையாமல் எரிந்தது, வண்டிகளை ஒதுக்கி அனுப்பும் டிஸ்பேட்சரிடம் சொன்னால் "இறக்குகிற இடத்தில் சரிசெய்துகொள்ளலாம், இப்போதைக்கு எடுத்துப் போ" என்றார், நீ மறுத்துவிட்டாய், வேறு டிரெய்லர் வந்துசேர்வதற்குள் பாதி நாள் சம்பளம் போயிற்று. நான் செய்தது சரிதானா அப்பா என்று கேட்டு முடித்திருக்கிறாய். சரிதான். ஆனால் நீ சொன்ன இரண்டு குறைகளும் ஒரே எடை உள்ளவை அல்ல. அந்த வித்தியாசம் தெரிந்தால் அடுத்த முறை இவ்வளவு தடுமாற்றம் இருக்காது என்பதால், லாரியிலும் பிறகு பிரேக் பட்டறையிலும் காலம் கழித்தவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நீ ஓட்டும் அமெரிக்காவின் விதிகளையும் படித்துப் பார்த்துவிட்டேன்.

மஞ்சள் விளக்கு, பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் காக்கும் ஏபிஎஸ் அமைப்பினுடையது. அங்கே 1998 மார்ச் முதல் தயாரான காற்று பிரேக் டிரெய்லர்களுக்கு அது கட்டாயம். மின்சாரம் கொடுத்ததும் ஒரு முறை எரிந்து அணைந்தால் நல்லது. எரிந்துகொண்டே இருந்தால் ஏபிஎஸ் வேலை செய்யவில்லை. அது விதிமீறல்தான், சோதனையில் உன் பெயரில் எழுதுவார்கள், ஆனாலும் சாதாரண பிரேக் பிடிக்கும். அதை மட்டும் காரணமாகச் சொல்லி வண்டியை அங்கேயே நிறுத்திவைப்பது வழக்கமில்லை. ஈரச் சாலையில், வெறும் டிரெய்லரில், அவசரமாக மிதிக்கும்போதுதான் அதன் அருமை தெரியும். பட்டறை திறந்திருக்கும் நேரத்தில் கண்ணில் பட்டால் நான் சரிசெய்யச் சொல்லிக் காத்திருப்பேன்.

காற்றுக் கசிவு வேறு சங்கதி; பிரேக்கை இயக்குவதே அந்தக் காற்றுதான். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் காதால் தேட வேண்டும். டிராக்டரிலிருந்து, அதாவது டிரெய்லரை இழுக்கும் முன் வண்டியிலிருந்து, வரும் சிவப்பு, நீல ஹோஸ்கள் டிரெய்லரோடு சேரும் வாயில் என்றால், அநேகமாக ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கும். சில நிமிட வேலை, வாஷர் கையில் இருந்தால் நீயே மாற்றிவிடலாம். பெடலை மிதிக்கும்போது மட்டும் அச்சுக்கு அருகிலிருந்து சீறினால், காற்றழுத்தத்தால் பிரேக்கைத் தள்ளும் பிரேக் சேம்பருக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற ரப்பர் தகடு கிழிந்திருக்கக்கூடும், அதில் நீ கை வைக்கவே கூடாது. சேம்பருக்குள் அழுத்தி வைத்திருக்கும் ஸ்பிரிங் விடுபட்டால் ஆளையே கொல்லும். எங்கே என்று தெரியாவிட்டாலும் எவ்வளவு என்று அளந்துவிடலாம். காற்று முழுவதும் ஏறிய பின் என்ஜினை நிறுத்தி, பிரேக்கை விடுவித்த நிலையில் ஒரு நிமிடம் காற்றழுத்த மானியைப் பார். டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்த வண்டியில் அழுத்தம் 3 பி.எஸ்.ஐ.க்கு (காற்றழுத்த அலகு) மேல் இறங்கக் கூடாது. பெடலை அழுத்திப் பிடித்தபடி பார்த்தால் 4. அதைத் தாண்டினால் பேச்சுக்கே இடமில்லை. அழுத்தம் 45-லிருந்து 20-க்குள் எங்கோ விழும்போது பாதுகாப்பு வால்வு மூடிக்கொண்டு டிரெய்லர் சக்கரங்கள் தாமாகவே இறுகிவிடும். வண்டிகள் நிற்கும் யார்டில் அது பாதுகாப்பு. நெடுஞ்சாலை வேகத்தில், பின்னால் வாகனங்கள் ஒட்டி வரும்போது, அந்த இறுக்கம் எந்த இடத்தில் நேரும் என்பது உன் கையில் இல்லை.

சத்தமே போடாத குறைகளைத்தான் நான் அதிகம் அஞ்சுவேன். பிரேக் அட்ஜஸ்ட்மென்ட் அவற்றில் முதலாவது. சேம்பரிலிருந்து நீளும் தள்ளுதண்டான புஷ்ராடில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு, 90 முதல் 100 பி.எஸ்.ஐ. வரை காற்றுடன் பிரேக்கை அழுத்தி, கோடு எவ்வளவு நகர்கிறது என்று அளக்க வேண்டும்; பரவலாகக் காணப்படும் 30-ஆம் எண் சாதாரண சேம்பருக்கு எல்லை 2 அங்குலம். அதைத் தாண்டிய பிரேக்கும் யார்டில் நகர்த்தும்போது பிடிப்பதுபோலவே இருக்கும். நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறி விரிந்து அதை உரசிப் பிடிக்கும் லைனிங்கை விட்டு விலகிப்போகும்போதுதான், புஷ்ராடு நீள்வதற்கு மிச்சம் இடமில்லை என்பது தெரியவரும். ஐந்து அச்சு வண்டியில் பத்து பிரேக். அவற்றில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது இரண்டே இரண்டு, குறைபாடாக இருந்தால் வட அமெரிக்கச் சோதனை அளவுகோலின்படி வண்டியை அதே இடத்தில் நிறுத்திவிடுவார்கள். 80,000 பவுண்டு எடையோடு மலையிறங்கும் வண்டிக்கு அது கடுமையான விதி என்று எனக்குத் தோன்றவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீல் நட்டிலிருந்து துருக் கோடு வழிந்திருந்தால் அது தளர்ந்திருக்கக்கூடும். ஹப்பிலிருந்து எண்ணெய் கசிந்து லைனிங்கில் பட்டிருந்தால் அந்தச் சக்கரத்துக்குப் பிரேக் இல்லை என்றே கணக்கு வை. டிரெய்லர் டயரில் பட்டன், அதாவது மேல்வரிப் பள்ளத்தின் ஆழம், 2/32 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, உன் முன் டயருக்கு அது 4/32. கோத்த பிறகு டார்ச் அடித்து, டிராக்டர் பூட்டின் தாடைகள் டிரெய்லரின் கோக்கும் முளையான கிங்பின்னைச் சுற்றி மூடியிருக்கின்றனவா என்று குனிந்து பார்க்காமல் ஒருநாளும் கிளம்பாதே. இழுத்துப் பார்த்தேன், வந்தது என்பது போதாது.

இப்போது உன் டிஸ்பேட்சர் சொன்ன வாக்கியத்துக்கு வருகிறேன். "இறக்குகிற இடத்தில் சரிசெய்துகொள்ளலாம்" என்பது முழுக்க அவருடைய கற்பனை இல்லை. அமெரிக்க மத்திய லாரிப் பாதுகாப்பு விதிகளில் 396.7 என்ற விதியில், ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் பழுது தெரியவந்தால், சாலையிலேயே நிற்பதைவிட நகர்வது ஆபத்துக் குறைவு என்றால், அருகிலுள்ள பழுதுபார்க்கும் இடம் வரை மட்டும் போகலாம் என்று ஒரு விலக்கு இருக்கிறது. சாலையில் மாட்டிக்கொண்டவருக்காக வைத்த அந்த விலக்கை யார்டில் நிற்கும் டிரெய்லருக்கு இழுத்துப் போர்த்துகிறார்கள். கிளம்புமுன் கண்ட குறைக்கு 392.7, 396.13 ஆகிய விதிகள்தான் பொருந்தும். பிரேக், அதன் இணைப்புகள், விளக்கு, டயர், சக்கரம், கோக்கும் பாகங்கள் எல்லாம் நல்ல நிலையில் இருப்பதாக ஓட்டுநருக்கே திருப்தி ஏற்பட்ட பிறகுதான் வண்டி நகர வேண்டும் என்கின்றன அவை. முடிவைச் சட்டம் உன்னிடம் கொடுத்திருக்கிறது, பொறுப்பையும் சேர்த்துத்தான்.

அந்தப் பொறுப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2019 ஏப்ரல் 25 அன்று கொலராடோவில் நடந்ததைப் படித்துப் பார். மலையிறங்கி டென்வரை நோக்கி வரும் ஐ-70 சாலையில், மரம் ஏற்றிய லாரி ஒன்று பிரேக் பிடிக்காமல், நெரிசலில் நின்ற வாகனங்களுக்குள் புகுந்ததில் நால்வர் இறந்தார்கள். தறிகெட்ட லாரிகளை ஏற்றி நிறுத்துவதற்கான பக்கப் பாதையை அந்த இளம் ஓட்டுநர் அதற்கு முன்பே கடந்து வந்திருந்தார். 2021 டிசம்பரில் அவருக்கு 110 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பெரும் எதிர்ப்பு எழுந்ததால் அந்த மாத இறுதியிலேயே ஆளுநர் அதைப் பத்தாண்டாகக் குறைத்தார். பழைய சோதனைகளில் அந்த நிறுவனத்தின் வண்டிகளில் பிரேக் குறைகள் எழுதப்பட்டிருந்தன என்ற செய்தியும் வெளிவந்தது. சிறைக்குப் போனவர் ஓட்டுநர்.

மறுத்தவரின் கதையும் ஒன்று உண்டு. 2009 ஜனவரியில், இல்லினாய் மாநிலத்தில், உறைபனி இரவில் டிரெய்லர் பிரேக் உறைந்து இறுகிவிட, கேபினில் ஹீட்டரும் வேலை செய்யாமல் ஓர் ஓட்டுநர் மணிக்கணக்கில் பழுதுபார்ப்பவருக்காகக் காத்திருந்தார். ஒன்று டிரெய்லரை இழுத்துக்கொண்டே போ, இல்லை அங்கேயே இரு என்றார் மேலாளர். உடல் மரத்துப்போன நிலையில் அவர் டிரெய்லரைக் கழற்றிவிட்டு டிராக்டரை மட்டும் ஓட்டிச் சென்றார். சில நாட்களில் வேலை போயிற்று. 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மாறுபட்ட அந்த ஒரு நீதிபதி நீல் கோர்சச், இப்போது உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறார். சட்டம் வண்டியை ஓட்ட மறுப்பவரைத்தான் காக்கிறது, இவரோ ஓட்டிச் சென்றார் என்பது அவர் வாதம். எனக்கு அது மனசாட்சியை வெளியே நிறுத்திவிட்டுச் செய்த வாதமாகத்தான் படுகிறது. வென்றாலும் ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்பதை நீ கவனிக்க வேண்டும்.

ஆகவே மறுப்பைத் தெளிவாகவும் எழுத்திலும் சொல். மறுத்ததற்காகத் தண்டித்தால் 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 180 நாட்களுக்குள் தொழிலாளர் பாதுகாப்புத் துறையான ஓஷா அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். குறையோடு ஓட்டச் சொல்லி மிரட்டினால் 2016-இல் நடைமுறைக்கு வந்த விதியின்படி 90 நாட்களுக்குள் மத்திய லாரிப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் கொடுக்கலாம். இரண்டாவதற்கு, எந்த விதி மீறப்படும் என்பதை நீ அப்போதே அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். "எனக்குச் சரியாகப் படவில்லை" என்று போனில் சொல்வது அங்கே நிற்காது. "இந்த எண்ணுள்ள டிரெய்லரில், பிரேக் அழுத்திய நிலையில் நிமிடத்துக்கு 9 பி.எஸ்.ஐ. இறங்குகிறது, இதை ஓட்டினால் 392.7 மீறல், சரிசெய்தால் உடனே கிளம்புகிறேன்" என்று செய்தி அனுப்பி, மானியையும் டிரெய்லர் எண்ணையும் படம் எடுத்து வைத்துக்கொள். கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதே. வேலை செய்ய மறுக்கவில்லை, பழுதை மறுக்கிறாய் என்பது பதிவாக வேண்டும்.

டிஸ்பேட்சரோடு பகை வேண்டாம். அவர் திரையில் தெரிவது நேரம். உனக்குத் தெரியும் குறையை அவருக்குப் புரியும்படி சொல்வதும் உன் வேலையில் ஒரு பகுதிதான். ஆனால் மைலுக்கு இவ்வளவு என்று கூலி பேசும் தொழிலில் காத்திருப்பின் நட்டம் முழுவதும் ஓட்டுநர் தலையில் விழுகிறது. பழுதுக்காகக் காத்திருக்கும் நேரத்துக்கு உங்கள் நிறுவனம் ஏதாவது தருகிறதா என்று ஒப்பந்தத்தில் பார்த்து எழுது. தராவிட்டால் தருகிற இடத்தைத் தேடத் தொடங்கலாம்.

அந்த டிரெய்லர் மறுபடி உனக்கே வரக்கூடும். வந்தால், முந்தைய குறைப் பதிவில் பழுது நீக்கியதாகக் கையெழுத்து இருக்கிறதா என்று முதலில் கேள். இருந்தாலும் மானியை வைத்து நீயே ஒரு முறை அளந்துவிட்டுக் கோத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா