ஸ்கின் வார்டுல இருக்கறவங்களுக்கும் பிளாஸ்மா மாத்த வழி பண்ணுங்க

மக்கள் நல்வாழ்வுத்துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

சென்னையிலேர்ந்து எழுதறேன். எங்க அம்மாவுக்கு பெம்ஃபிகஸ் வல்காரிஸ்ங்கற தோல் வியாதி. மொதல்ல வாய்ப்புண்ணு, ரசஞ்சாதம் கூட எரியுதுன்னு தட்ட தள்ளி வெச்சாங்க, அப்புறம் முதுகு மார்பெல்லாம் கொப்புளம், ஒடஞ்சா தோல் ஜாக்கெட்டோட ஒட்டிகிட்டு வரும். அம்மை போட்டிருக்குன்னு நெனச்சு தெருவுல வேப்பிலை கொண்டாந்து குடுத்தாங்க. இது தொத்து வியாதியே இல்லைங்க. தோல் செல்லெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பிடிச்சு நிக்கறது டெஸ்மோக்ளீன்ங்கற புரதத்தால, கிருமிய எதிர்க்க நம்ம உடம்புல ஊர்ற ஆன்டிபாடியே அத தாக்கிடுது.

பெட்ஷீட் புண்ணுல ஒட்டும்னு வாழையிலைய கழுவி எண்ணெ தடவி விரிச்சு படுக்க வெச்சோம், மே மாச வெயில்ல மத்தியானத்துக்குள்ள இலை சுருண்டுரும், ஒவ்வொரு தடவ மாத்தறப்பவும் அம்மா பல்ல கடிச்சுக்குவாங்க.

ஸ்டீராய்டுல சுகர் ஏறிடுச்சு. ரிட்டுக்ஸிமாப் நல்ல மருந்துதான், ஆனா அது ஆன்டிபாடிய உண்டாக்கற பி செல்லதான் அழிக்குது, ஏற்கனவே ரத்தத்துல ஓடறது பாதியா கொறையவே மூணு வாரம் ஆகும், தோல் இல்லாத ஒடம்புல அதுக்குள்ள இன்ஃபெக்‌ஷன் ஏறி ரத்தத்துல கலந்துட்டா உயிருக்கே ஆபத்து. அந்த இடைவெளிக்குதான் பிளாஸ்மா எக்ஸ்சேஞ்ச், ரத்தத்த வெளிய எடுத்து ஆன்டிபாடி கலந்த பிளாஸ்மாவ, அதாவது ரத்தத்தோட நீர்ப்பகுதிய பிரிச்சுட்டு, அதுக்கு பதிலா அல்புமின்ங்கற புரதக் கரைசல சேத்து திருப்பி ஏத்தறது. இம்யூனோஅட்ஸார்ப்ஷன்னு இன்னொரு முறை இருக்கு, அதுல பிளாஸ்மாவ கொட்டவே வேணாம், ஒரு வடிகட்டிக் குழாய் (column) வழியா விட்டா ஆன்டிபாடி மட்டும் அதுல தங்கிடும். மருந்து நிறுத்திட்டு இத மட்டும் செஞ்சா ஒடம்பு மறுபடி வேகமா ஆன்டிபாடிய உண்டாக்கிடும்னு டாக்டருங்களுக்கு தெரியும், அதனால ரெண்டும் சேந்துதான் போகணும்.

எல்லாருக்கும் கேக்கலைங்க, மருந்துக்கு அடங்காம மோசமா இருக்கறவங்களுக்குதான். ஜிபிஎஸ்ங்கற (GBS) நரம்பு வியாதி வந்து கைகால் விழுந்தவங்களுக்கு இதே பிளாஸ்மா எக்ஸ்சேஞ்ச் செய்யறாங்க, மெஷின் கிட்னி டிபார்ட்மென்ட்டுலயோ ப்ளட் பேங்க்குலயோ இருக்கும். ஆனா நாங்க இருந்த எடத்துல ஸ்கின் வார்டுலேர்ந்து அங்க கேஸ் அனுப்ப யார் கையெழுத்து போடணும்னே யாருக்கும் தெரியல, இன்சூரன்ஸ் கவுன்டர்ல ஒருத்தர் வரும்னாங்க இன்னொருத்தர் வராதுன்னாங்க, நான் ஃபைலோட மாடி ஏறி எறங்கிட்டே இருந்தேன்.

முதலமைச்சர் காப்பீட்டுல பெம்ஃபிகஸ்னு பேர் போட்டு பிளாஸ்மா எக்ஸ்சேஞ்ச், ரிட்டுக்ஸிமாப் ரெண்டையும் தெளிவா எழுதி வெய்ங்க. மெஷின் இருக்கற ஒவ்வொரு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியிலயும் ஸ்கின் டாக்டர் நேரா அனுப்பறதுக்கு ஒரு ஆர்டர் போடுங்க. இம்யூனோஅட்ஸார்ப்ஷன் குழாய் வெல ஜாஸ்தி, சென்னையில ஒரு அரசு ஆஸ்பத்திரியிலயாவது ஆரம்பிங்க.