முன்வாசல் வழியாக எங்களைக் கூட்டிப் போனவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

பினாங்கு போய்த் திரும்பி இன்றோடு பத்து நாள். வாட்ஸ்அப்பில் கும்பிடும் கையைப் போட்டு எல்லாருக்கும் நன்றி சொல்லிவிட்டேன்தான், ஆனால் மனசு ஆறவில்லை. யார் என்ன செய்தார்கள் என்பது முழுசாகத் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான், கணக்கு நோட்டு என்னிடம் இருந்ததால். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் பெயர் இல்லாமலே எழுதுகிறேன், படிக்கும்போது உங்கள் இடம் உங்களுக்கே தெரியும்.

எங்களைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நாங்கள் கோலாலம்பூர் செந்தூல் பக்கத்து அடுக்குமாடிக்காரர்கள். போனது 38 பேர். அதில் பாதிக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, லயத்து வரிசை வீட்டில் வளர்ந்து, தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டதும் பட்டணத்துக்கு வந்தவர்கள். 70 வயதைத் தாண்டியவர்கள் 14 பேர், சக்கர நாற்காலி ரெண்டு. முதல் நாள் பேராக்கில் பத்து காஜா என்ற ஊரில் கெல்லிஸ் காசல் என்னும் பழைய மாளிகை, அன்றிரவே பினாங்கு, மறுநாள் காலை தாவரவியல் பூங்கா, மதியத்துக்கு மேல் ஜார்ஜ்டவுன் நீல மாளிகை, அப்புறம் வீடு. கேட்க இவ்வளவுதான். இதை ஓடவைக்க நான்கு மாதம் ஆனது.

முதல் நன்றி, எங்களுக்கு முன்னாலேயே ஒரு தடவை போய்ப் பார்த்து வந்த தம்பிக்கும் அவர் வீட்டுத் தங்கச்சிக்கும். ரெண்டு பேரும் சொந்த லீவு போட்டு, சொந்தக் காரில் எண்ணெய் ஊற்றிப் போய் வந்தார்கள். கொண்டுவந்த நோட்டில் ஒரு இடத்தின் அழகைப் பற்றி ஒரு வரி கிடையாது. பஸ் நிற்கும் இடத்திலிருந்து வாசலுக்கு எத்தனை எட்டு, எங்கே கைப்பிடி இல்லை, எந்தக் கழிவறையில் உட்காரும் வசதி இருக்கிறது, மழை வந்தால் எங்கே ஒதுங்கலாம், இதுதான் பக்கம் பக்கமாக. படத்தில் பார்த்தால் கெல்லிஸ் காசல் வாசலிலேயே பஸ் வந்து நிற்கும் போலத்தான் இருக்கும். அப்படி இல்லை, ஆற்றுப் பாலத்தைக் கடந்து மேட்டில் ஏற வேண்டும், உள்ளே போனால் மாடிப்படி. அந்த நோட்டு இல்லாவிட்டால் நான் 14 பெரியவர்களைக் கொண்டுபோய் வெயிலில் நிறுத்தியிருப்பேன். தாப்பா ஓய்வுத்தளத்துக்கு நான் 15 நிமிஷம் என்று போட்டிருந்ததை அடித்துவிட்டு 40 என்று எழுதியவர்களும் இவர்கள்தான். 38 நிமிஷம் ஆனது. பினாங்குத் தீவின் பாலிக் புலாவில் ஜாதிக்காய்த் தோட்டம் பார்க்கலாம் என்று நான் ஆசையாக எழுதியிருந்ததை, "அக்கா, அந்த மலைவளைவு ரோட்டுல இந்தக் கூட்டத்த ஏத்தாதீங்க, பாதிப் பேருக்கு தலை சுத்திடும்" என்று தங்கச்சி தடுத்தாள். வேண்டாம் என்று சொன்னதற்கும் சேர்த்து நன்றிம்மா.

பயணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது முதலில் பேசி வைத்திருந்த பஸ் கம்பெனி கையை விரித்துவிட்டது. ஏதோ கல்யாணத்துக்கு அந்த பஸ்ஸைக் கொடுத்துவிட்டார்களாம், முன்பணத்திலும் பாதிதான் திரும்பி வந்தது. அன்று ராத்திரி நான் அழுதே விட்டேன். மறுநாள் மதியத்துக்குள் வேறு பஸ் பிடித்துக் கொடுத்த கோயில் கமிட்டி அண்ணன், உங்களுக்கு என்ன சொல்வது என்றே தெரியவில்லை. அந்த பஸ்ஸோடு வந்த ஓட்டுநர் அண்ணனுக்கும்தான். பஸ்ஸின் முதல் படி உயரம் என்று பார்த்ததும், யாரும் கேட்காமலே கடைக்குப் போய் நல்ல கனமான பிளாஸ்டிக் முக்காலி ரெண்டு வாங்கி வந்தார். ரெண்டு நாளும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவரே இறங்கி, முக்காலியை வைத்து, ஒரு காலால் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து இறக்கினார். 14 பேர், ஏற ஒரு தடவை, இறங்க ஒரு தடவை. ஒரு தடவைகூட முகம் சுளித்து நான் பார்க்கவில்லை.

பஸ்ஸில் மைக்கைப் பிடித்துக் கதை சொல்லிக்கொண்டே வந்த ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி வாத்தியார் ஐயாவுக்கு நன்றி. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரத் துரை 1915இல் அந்த மாளிகையைக் கட்ட ஆரம்பித்ததையும், மெட்ராஸிலிருந்து ஆட்களை வரவழைத்ததையும், செங்கல்லும் பளிங்கும்கூட இந்தியாவிலிருந்தே வந்ததையும் அவர் சொன்ன விதத்தில், கோப்பெங் டோல் வருவதற்குள் பஸ்ஸில் ஒருத்தரும் தூங்கவில்லை. மலாயாவின் முதல் லிப்ட் அங்கேதான் வந்திருக்க வேண்டுமாம். அதற்கென்று விட்ட கிணறு மாதிரியான இடம் இன்னும் இருக்கிறது, லிப்ட்தான் வரவே இல்லை. 1926இல் துரை லிஸ்பனில் நிமோனியா வந்து இறந்துபோனார், அந்த லிப்டை வாங்கப் போன பயணம் அது என்றும் சொல்வார்கள். வீடு முடியாமலே நின்றுவிட்டது.

அங்கே நடந்த ஒன்றை விரிவாக எழுத வேண்டும், இந்த மடலே அதற்காகத்தான். எங்களோடு வந்த ஒரு பாட்டிக்கு 81 வயசு. கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்தில் சின்ன வயசில் துரை பங்களாவில் வேலை செய்தவர். மேட்டில் மெதுவாக ஏறி வந்தவர், வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டார். குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். காலில் வலியோ என்று பதறிக் கேட்டேன். "இல்லம்மா, நா பின்பக்கமா சுத்தி வரேன், நீங்க போங்க" என்றார். எட்டு வருஷம் பங்களாவில் வேலை செய்தாராம், முன்வாசல் படியை ஒரு நாளும் மிதித்ததில்லையாம். கூட்டும்போதுகூட அந்தப் படியைக் கீழே நின்றுதான் கூட்ட வேண்டுமாம். எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. அப்போது அங்கே வேலை செய்யும் மலாய்க்கார அக்கா ஒருவர், நாங்கள் பேசியது ஒரு எழுத்தும் புரியாதவர், பாட்டி செருப்போடு நிற்பதை மட்டும் பார்த்துவிட்டு வந்தார். அந்தச் செருப்பை வாங்கிக் கீழே வைத்து, பாட்டியின் காலை ஒவ்வொன்றாகப் பிடித்து அவரே போட்டுவிட்டு, "ஜெம்புட் மாசுக், நெனெக்" என்று கையைப் பிடித்து முன்வாசல் வழியாக உள்ளே கூட்டிப் போனார். உள்ளே வாருங்கள் பாட்டி என்பதுதான் அதற்கு அர்த்தம். அந்த அக்காவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இதை யாராவது மலாயில் எழுதிக் கொடுத்தால் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

மாடி ஏற முடியாதவர்களுக்கு நாற்காலி கொண்டுவந்து நிழலில் போட்டவர்களுக்கும், மேலே போய் வீடியோ காலில் ஒவ்வொரு அறையாகக் காட்டிய நம் பையன்களுக்கும் நன்றி. "வலது பக்கம் திருப்புடா, அந்த ஜன்னல காட்டு" என்று கீழே இருந்தவர்கள் போட்ட சத்தத்தில் மற்ற சுற்றுலாப் பயணிகளும் சிரித்துவிட்டார்கள்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோயில். ஸ்பானிஷ் காய்ச்சல் வந்து வேலையாட்கள் செத்து விழுந்தபோது, அம்மாளுக்குக் கோயில் கட்ட வேண்டும் என்று துரையிடம் கேட்டார்கள், அவரும் சம்மதித்தார். அதற்கு நன்றியாகக் கோயில் மேலே தெய்வங்களோடு அவருக்கும் ஒரு சிலை வைத்தார்கள், வெள்ளைக்கார உடுப்பில் இன்றும் நிற்கிறார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நடை சாத்தும் நேரம் தாண்டிவிட்டது. பூசாரி ஐயா எங்களுக்காகச் சாப்பிடாமல் காத்திருந்தார், சர்க்கரைப் பொங்கலும் வைத்திருந்தார். ஒரு பெரியவர் அந்தச் சிலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வெகு நேரம் நின்றார். செத்தவர்கள் பேர் எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்று ஐயாவிடம் கேட்டார். ஐயா பதில் சொல்லவில்லை, அந்தப் பெரியவரை சன்னதிக்குக் கூட்டிப் போய் இன்னொரு தடவை தீபாராதனை காட்டினார். ரொம்ப நன்றி ஐயா.

பினாங்கில் ராத்திரிச் சாப்பாட்டை ஏற்றுக்கொண்ட என் பெரியம்மா மகளுக்குத் தனியாக நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வாள், ஆனாலும் சொல்கிறேன். சர்க்கரை நோய்க்காரர்கள் எத்தனை பேர், மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்கள் எத்தனை பேர் என்று கேட்டு, தனித்தனிப் பாத்திரத்தில் சமைத்தாள். கூடவே வந்த நர்ஸ் தங்கச்சி ராத்திரி பதினொரு மணிக்குக்கூட ஒவ்வொரு அறையாகப் போய் மாத்திரை போட்டாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் படுத்தாள்.

பூங்காவுக்குக் காலையிலேயே போகச் சொன்னவர் பினாங்கு நண்பர் ஒருவர். நல்ல யோசனை. வெயில் ஏறுவதற்குள் ஒரு சுற்று முடிந்தது, தார் ரோடு என்பதால் சக்கர நாற்காலிக்கும் கஷ்டமில்லை, நுழைவுக் கட்டணமும் கிடையாது. 1884இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் என்பவர் பழைய கல்லுடைக்கும் இடத்தில் உருவாக்கிய தோட்டம் அது. நமக்கெல்லாம் தண்ணீர்மலை என்றால் தைப்பூசம்தான், அதே தண்ணீர்மலைதான் பக்கத்தில். குரங்குகள் வடைப் பொட்டலத்தைப் பறிக்கும் என்று நோட்டில் எழுதியிருந்ததால் பலகாரத்தை எல்லாம் பஸ்ஸிலேயே வைத்துவிட்டோம்.

அங்கே நாகலிங்க மரம் இருக்கிறது. பூ கிளையில் பூக்காது, அடிமரத்திலிருந்தே நீண்டு தொங்கும். சக்கர நாற்காலியில் வந்த தாத்தாவால் அவ்வளவு கிட்டே போக முடியவில்லை. அங்கே இலை கூட்டிக்கொண்டிருந்த தமிழ் அண்ணன் ஒருவர் கீழே விழுந்திருந்த பூக்களில் வாடாத ஒன்றைத் தேடி எடுத்து, மண்ணை ஊதிவிட்டுத் தாத்தா உள்ளங்கையில் வைத்தார். தாத்தா ஒரு விரலால் பூவில் நாகப் படம் மாதிரி கவிந்திருக்கும் பாகத்தை மெதுவாகத் தூக்கி, உள்ளே இருக்கும் சின்ன லிங்கத்தைப் பக்கத்தில் நின்ற பேரப்பிள்ளைகளுக்குக் காட்டினார். பக்கவாதம் வந்ததிலிருந்து அந்தக் கை சரியாகத் தூக்காது. அன்றைக்குத் தூக்கியது. இலை கூட்டிய அண்ணே, நீங்கள் இதைப் படிப்பீர்களோ என்னவோ, தாத்தா வீட்டுச் சாமி மேடையில் அந்தப் பூ காய்ந்து இன்னும் இருக்கிறது.

நீல மாளிகையைப் பற்றி. சியோங் ஃபாட் சே என்ற சீனத் தனவந்தர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய வீடு அது. இடிந்து கிடந்ததை வாங்கிப் பழுதுபார்த்தார்கள், அந்த வேலைக்கு 2000இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. 38 அறை, நாங்களும் 38 பேர், ஆளுக்கு ஒன்று என்று பஸ்ஸிலேயே பிரித்துக்கொண்டோம். அந்த நீலம் பெயிண்ட் இல்லை, சுண்ணாம்பில் அவுரி நீலத்தைக் கலந்து அடித்தது. சுண்ணாம்பு என்பதால் சுவர் உள்ளே போன ஈரத்தை வெளியே விடும், நம் ஊர் மழைக்கு அதுதான் தாங்கும். சுற்றிக் காட்டிய சீன வழிகாட்டி அம்மாவுக்குப் பெரிய நன்றி. ஒவ்வொரு ரெண்டு வாக்கியத்துக்கும் நிறுத்தி, வாத்தியார் ஐயா தமிழில் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார், அவசரமே படவில்லை. முற்றத்துக் கருங்கல் தரையைப் பார்த்துவிட்டு அதே பாட்டி கேட்டார், "இம்புட்டுப் பெரிய வீட்ட யாரும்மா கூட்டுனது? அவங்க எங்க படுத்தாங்க?"

வழிகாட்டி அம்மா அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டுப் போகவில்லை. சுற்று முடிந்ததும், தன் நேரம் முடிந்த பிறகும், எங்களை வெளியே கூட்டி வந்து, லீத் தெருவுக்கு எதிர்ப்பக்கம் வரிசையாக நிற்கும் வீடுகளைக் காட்டினார். வேலையாட்கள் தங்கியது அங்கேதான். பாட்டி ரோட்டைக் கடந்து போக வேண்டும் என்றார். நர்ஸ் தங்கச்சி ஒரு கை, நான் ஒரு கை. அந்த வீடுகளின் அஞ்சடியில், அதாவது முன்பக்கத்துக் கூரை போட்ட நடைபாதையில், ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்து, எதிரே இருக்கும் நீல வீட்டைப் பார்த்துக்கொண்டு, கொண்டுவந்த வெற்றிலையைப் போட்டுக்கொண்டார். பஸ் அரை மணி தாமதமாகக் கிளம்பியது அதனால்தான், கோபப்படாமல் காத்திருந்த 35 பேருக்கும் நன்றி.

கடைசியாக, பணம் கட்ட முடியாத ஆறு பேருக்காகக் கட்டியவர்கள். உங்கள் பேரை நான் கணக்கு நோட்டில்கூட எழுதவில்லை, சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டேன். செலவு போக 64 வெள்ளி (ரிங்கிட்) மிச்சம், மாரியம்மன் கோயில் உண்டியலுக்கு அனுப்பலாம் என்று முடிவு, ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.

முக்காலி ரெண்டையும் ஓட்டுநர் அண்ணன் என்னிடமே விட்டுப் போய்விட்டார். படிக்கட்டுக்குக் கீழே வைத்திருக்கிறேன். பெரியவர்களை எங்கேயாவது கூட்டிப் போகிறவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போங்கள், முன்னாடி சொன்ன அந்த நோட்டையும் ஒரு நகல் எடுத்துத் தருகிறேன்.