கருக்கல் எப்படி இருட்டானது?

மாண்புமிகு சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி அவர்களுக்கு,

வணக்கம். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அடிதடி வழக்கில் சாட்சிக் கூண்டில் ஏறினேன். "அப்போ இருட்டிடுச்சா?" என்று குறுக்கு விசாரணையில் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், தரப்பு வக்கீல் கேட்டார். "கருக்கல்தான் ஐயா, ஆனா முகம் நல்லா தெரிஞ்சுது" என்றேன். நீதிபதி சொல்லச் சொல்லத் தட்டச்சர் அடித்துக்கொண்டே போனார்.

பிற்பாடு நகலைப் பார்த்தபோது, "சம்பவத்தின்போது இருட்டாக இருந்தது என்றால் சரிதான்" என்று இருந்தது. கருக்கலும் இல்லை, அந்த 'ஆனா'வும் இல்லை. அடியில், "படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது" என்ற வரி. அதன் கீழ் என் கையெழுத்து. யாரும் எனக்குப் படித்துக் காட்டவில்லை.

அந்த நீதிபதி மேல் எனக்கு வருத்தமில்லை. ஒரே நாளில் எத்தனை வழக்குகள்! வக்கீலின் கேள்வியையும் என் பதிலையும் ஒற்றை வாக்கியமாக்கிச் சொல்லும் முறையில்தான் கோளாறு. மேல்முறையீட்டை விசாரிக்கும் நீதிபதி என்னைப் பார்க்கப் போவதில்லை. அவருக்கு அந்தத் தாள்தான் நான்.

வாரண்டு வழக்குகளில், அதாவது இரண்டு ஆண்டுக்கு மேல் சிறையோ அதைவிடக் கடும் தண்டனையோ விதிக்கத்தக்க குற்ற வழக்குகளில், சாட்சியத்தை, எதிரியின் வக்கீல் முன்னிலையில், ஒலி-ஒளியாகவும் பதியலாம் என்று 2008-லேயே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் புதிய சட்டத்திலும் அது உண்டு. 'பதியலாம்' என்பதோடு நின்றுவிட்டது. பக்கத்தில் கேரள உயர் நீதிமன்றம், சாட்சி பேசுவதைக் கணினியே எழுத்தாக்கும் முறையை விசாரணை நீதிமன்றங்களில் 2025 நவம்பர் 1 முதல் கட்டாயமாக்கியது.

நம்மிடமும் அது வரட்டும். ஆனால் கணினிக்கும் கருக்கல் புரியாமல் போகலாம். மதுரைப் பேச்சு வேறு, நாகர்கோவில் பேச்சு வேறு. அதனால் எழுத்தோடு குரலையும் வழக்குக் கட்டின் பகுதியாக வைக்க உத்தரவிடுங்கள். சந்தேகம் வந்தால் மேல் நீதிமன்றம் கேட்டுப் பார்க்கட்டும். குழந்தைகளும் பாலியல் வழக்குகளில் பாதிக்கப்பட்டவர்களும் சொன்னவை மட்டும் பூட்டி வைத்த பதிவாக, நீதிமன்ற அனுமதியின்றி யார் கைக்கும் போகாமல் இருக்க வேண்டும்.

அப்புறம், செலவே அதிகம் ஆகாத ஒன்று. தட்டச்சுத் திரை போல இன்னொன்றைச் சாட்சிக்கு எதிரிலும் வையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், கையெழுத்தோ கைநாட்டோ வாங்கும் முன் முழுதும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். "நான் அப்படிச் சொல்லலையே" என்று அவர் அங்கேயே சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஒரு வழக்கில் சாட்சி சொன்னவன்