சுண்ணாம்புக் கோடு போடும் முன் எங்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள்

வேலூர் நகரத்துக்குத் திட்டம் தீட்டும் பொறுப்பில் இருக்கும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கும், எங்கள் ஓட்டில் ஜெயித்து மன்றத்தில் அமர்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

போன வாரம் மூன்று பேர் டேப்பும் சுண்ணாம்பு வாளியுமாக எங்கள் மனைப்பிரிவின் பொது இடத்துக்கு வந்தார்கள். அளந்தார்கள், கோடு போட்டார்கள், ஓரமாக நிற்கும் வேப்பமரத்தில் சிவப்பு பெயிண்டால் ஒரு எண்ணை எழுதினார்கள். என்ன வரப்போகிறது என்று கேட்டதற்கு, "எங்களுக்குத் தெரியாது சார், மேலே கேளுங்க" என்றார்கள். மேலே கேட்டோம். இன்னும் மேலே கேட்கச் சொன்னார்கள். அதற்கும் மேலே யார் என்று எங்களுக்குப் பிடிபடாததால், எல்லோர் கண்ணிலும் படும்படி இதை எழுதுகிறேன்.

அன்று சாயங்காலத்துக்குள் தெருவில் நாலு கதை கிளம்பிவிட்டது. பூங்கா என்றார் ஒருவர். மேல்நிலைத் தொட்டி என்றார் இன்னொருவர். குப்பை பிரிக்கிற கொட்டகை என்று ஒரு வதந்தி, கார் நிறுத்துமிடம் என்று ஒன்று. இதில் எது உண்மை என்று உங்களுக்குத் தெரியும், டெண்டர் எடுக்கப் போகிறவருக்கும் தெரிந்திருக்கும். அந்த இடத்தைச் சுற்றிக் குடியிருக்கிறவர்களுக்கு மட்டும்தான் தெரியாது.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். டெண்டர் விடுவதற்கு முன்னால் வரைபடத்தை எடுத்துக்கொண்டு எங்கள் பகுதிக்கு வாருங்கள். நாங்கள் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். அதில் எதை ஏற்றுக்கொண்டீர்கள், எதைத் தள்ளினீர்கள், ஏன் தள்ளினீர்கள் என்று எழுத்தில் பதில் கொடுங்கள். அவ்வளவுதான்.

இதை ஏன் இத்தனை அழுத்திச் சொல்கிறோம் என்பது உங்களுக்கே தெரியும். எங்கள் பஸ் நிறுத்தத்தின் கதையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

அங்கே ஒரு பெரிய புங்கமரம் இருந்தது. அடியில் யாரோ ஒரு புண்ணியவான் போட்டுவைத்த கருங்கல் பலகை. நிழற்குடை என்ற பெயரே வேண்டாத அளவுக்கு நிழல். சாலை வேலைக்கென்று மரம் போனது. சரி, சாலை வேண்டும்தான். அதற்குப் பதிலாகக் கொஞ்சம் தள்ளி நவீன நிழற்குடை ஒன்றைக் கட்டித் தந்தீர்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. மேற்கே பார்த்து நிற்கிறது. கூரை வெளிச்சம் புகுகிற பிளாஸ்டிக் தகடு. உட்கார எவர்சில்வர் குழாய்கள்.

வேலூரில் ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டுவது செய்தியே இல்லை. வெயிலூர் என்று வெளியூர்க்காரர்கள் கிண்டல் செய்தால் நாமும் கூடச் சேர்ந்து சிரிக்கிறவர்கள். இந்த ஊரில், மதியம் இரண்டு மணிக்கு, எவர்சில்வர் குழாயில் யார் உட்காருவார்கள்? இந்தக் கத்திரி வெயிலில் ஒரு அம்மாவைப் பார்த்தேன். முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிறவர், அடுத்த பஸ் பிடிக்க வேண்டும். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து குழாயின் மேல் ஊற்றினார். முந்தானையால் துடைத்தார். புறங்கையால் தொட்டுப் பார்த்தார். மறுபடியும் ஊற்றினார். குடிக்க வைத்திருந்த தண்ணீர் பாதி போனது. கடைசியில் மருந்துச் சீட்டு இருந்த பையைக் கீழே போட்டு அதன் மேல் பட்டும் படாமலும் உட்கார்ந்தார்.

மற்றவர்கள் அந்த முயற்சியே செய்வதில்லை. பின்னால் இருக்கும் மருந்துக் கடையின் தகரத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நிற்கிறார்கள். டவுன் பஸ் நிழற்குடைக்கு நேராக வந்து நிற்கும். தாழ்வாரத்திலிருந்து ஓட முடிந்தவர்கள் ஓடி ஏறுகிறார்கள். ஓட முடியாதவர்கள் கையைக் காட்டிக்கொண்டே வருவதற்குள் பஸ் கிளம்பிவிடும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நல்ல திட்டம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கட்டணம் இல்லாத பயணத்துக்குக் காத்திருக்க நிழலும் இல்லை என்றாகிவிட்டது.

அந்த மரத்தடியில் வருஷக்கணக்காக இளநீர் விற்றவர் ஒருவர் உண்டு. வரைபடம் வரைந்தவர் அவரிடம் ஒரு இளநீர் வாங்கிக் குடித்துக்கொண்டே, "ஏம்ப்பா, இதை எந்தப் பக்கம் பார்த்து வைக்கலாம்?" என்று கேட்டிருந்தால் போதும். "மேற்கே மட்டும் வெச்சிடாதீங்க சார்" என்று காசு வாங்காமல் சொல்லியிருப்பார். வேலை முடிந்த பிறகு நாங்கள் மனு கொடுத்தோம். "கட்டி முடிச்சாச்சே, இப்ப வந்து சொன்னா எப்படி?" என்று பதில் வந்தது. தாம்பூலப் பை கொடுக்கும்போதா பெண்ணுக்குச் சம்மதமா என்று கேட்பார்கள்?

இப்போது சுண்ணாம்புக் கோட்டுக்கு வருகிறேன். கோடு போட்ட இடம் வறண்டு, விரிசல் விட்டுக் கிடக்கிறது. அளக்க வந்தவர்கள் கண்ணுக்கு அது மேடு பள்ளமில்லாத காலி மனை. ஐப்பசி, கார்த்திகையில் வந்து பாருங்கள். வடகிழக்கு மூலையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். மூன்று தெருத் தண்ணீரும் அங்கேதான் போய்ச் சேரும். கோட்டைப் பார்த்தால் ஏதோ கட்டடம் போலத் தெரியும் சதுரம், சரியாக அந்த மூலையில் விழுந்திருக்கிறது. அங்கே கட்டடம் எழும்பினால் தண்ணீர் எங்கே போகும்? எங்கள் வீட்டுக்குள்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அது புறம்போக்கு இல்லை. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு போட்டால், சாலை போக மீதியில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது நீங்கள் அன்றாடம் பார்க்கும் விதி. தானம் கொடுத்தவர் மனை போட்டவர் என்று பத்திரத்தில் இருக்கும். அதற்கும் சேர்த்துக் காசு கொடுத்தது மனை வாங்கிய நாங்கள். பூங்காவுக்கு என்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக் கொடுத்த பெங்களூரு வழக்கில், அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1991இல் சொல்லிவிட்டது. கேள்வி கேட்க அக்கம்பக்கத்துக் குடியிருப்பவர்களுக்கு உரிமை உண்டு என்றும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. வழக்குப் போடப்போகிறோம் என்று மிரட்டுவதற்காக இதை எழுதவில்லை. வழக்குப் போட எங்களிடம் காசும் இல்லை, நேரமும் இல்லை. அதனால்தான் முதலிலேயே காட்டுங்கள் என்கிறோம்.

சட்டத்தில் மக்களுக்கு இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களில் வார்டு குழு கட்டாயம் என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 74ஆவது திருத்தம் 1993இலேயே நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் 2022இல் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, பகுதி சபைகள் நடந்தன. கிராமத்துக்குக் கிராம சபை இருக்கிற மாதிரி நமக்கும் ஒன்று வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். எங்கள் பகுதியில் அப்புறம் நடந்த கூட்டங்களைப் பற்றி நாங்கள் தெரிந்துகொள்வது, முடிந்த பிறகு வாட்ஸ்அப்பில் வரும் போட்டோவிலிருந்துதான். பின்னால் பேனர், முன்னால் தேநீர், நடுவில் கட்சிக்காரர்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துகள் மட்டும் நிறைவாக இருக்கும்.

நில உபயோக மாற்றத்துக்கு வருகிற அறிவிப்பும் இப்படித்தான். நாளிதழின் உள்பக்கத்தில், எறும்பு ஊருகிற எழுத்தில், பிளாக் எண், சர்வே எண், உட்பிரிவு எண். ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கலாமாம். சர்வே எண்ணை மனப்பாடமாக வைத்திருக்கிற குடும்பத்தை நீங்கள் வேலூரில் எங்காவது பார்த்ததுண்டா? எங்களுக்குப் பால் டிப்போவின் பின்பக்கம் என்றால் தெரியும், மாரியம்மன் கோயில் திருப்பம் என்றால் தெரியும். எங்கள் தெருவில் வீட்டு மனையாக இருந்த இடம் வணிகப் பகுதியாக மாறியது, அங்கே கல்யாண மண்டபத்துக்கு அஸ்திவாரம் தோண்டிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. இப்போது முகூர்த்த நாளில் ஆம்புலன்ஸ் கூடத் தெருவுக்குள் நுழைய முடியாது. 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, ஊர் முழுவதற்கும் நில உபயோகத்தை வகுக்கும் முழுமைத் திட்டத்துக்கே (மாஸ்டர் பிளான்) மக்களிடம் ஆட்சேபணையும் ஆலோசனையும் கேட்க வேண்டும். கேட்பது என்றால் கேட்கிறவர் காதில் விழ வேண்டும், சொல்கிறவருக்கு விஷயம் புரிய வேண்டும். அந்த அறிவிப்பைத் தமிழில், ஊருக்குத் தெரிந்த அடையாளத்தோடு, ரேஷன் கடைச் சுவரில் ஒட்டினால் என்ன குறைந்துவிடும்?

2022இல் நம் ஊர் நாடு முழுக்கப் பேர் வாங்கியது நினைவிருக்கும். தெருவில் நின்ற பைக்கை நகர்த்தாமல் சக்கரத்தோடு சேர்த்து சிமெண்ட் ரோடு போட்டார்கள். கொஞ்ச நாளில் அடிபம்பை அப்படியே வைத்துக் கால்வாய்க்கு கான்கிரீட் போட்டார்கள். எல்லோரும் ஒப்பந்தக்காரரைத் திட்டினார்கள். எனக்கு அவரைவிட அந்த வேலை முறையின் மேல்தான் கோபம். தெருவில் இருக்கிறவர்களிடம் வாய் திறந்து பேசவே கூடாது என்று சத்தியம் செய்துகொண்டு வந்தவர்களால்தான் அப்படி வேலை செய்ய முடியும். வேலூரைப் பற்றிப் பழைய கேலி ஒன்று உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். ஜலகண்டேஸ்வரர் 1981இல் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். பட்டியலில் ஒரு இடம் காலி. ஜனங்கள் இல்லாத திட்டம் என்று போட்டுக்கொள்ளலாம்.

ஸ்மார்ட் சிட்டி போட்டியில் 2016இல் வேலூர் தேர்வானபோது, மக்களிடம் கருத்துக் கேட்டதற்கும் மதிப்பெண் இருந்தது. மார்க் வாங்க வேண்டும் என்றால் கேட்கத் தெரிகிறது. மார்க் இல்லை என்றால்...

சரி, கோபத்தில் வார்த்தை நீண்டுவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். ஊர்க்காரர்களைக் கூட்டினால் கூச்சல்தான் மிஞ்சும் என்று நீங்கள் தயங்குவதும் புரிகிறது. கூச்சல் இருக்கும், மறைக்கவில்லை. பையன்களுக்குக் கிரிக்கெட் ஆட இடம் வேண்டும். பெரியவர்களுக்கு நடைபாதை வேண்டும். பின் தெருப் பெண்களுக்கு, வாசல் மெயின் ரோட்டுப் பக்கம் மட்டும் இருந்தால் சுற்றிக்கொண்டு வர வேண்டுமே என்ற கவலை. எதுவுமே வேண்டாம், மரத்தை விட்டுவைத்தால் போதும் என்கிறவர்களும் இருக்கிறார்கள். எங்களுக்குள் ஒத்த கருத்து கிடையாது. ஆனால் மழைத் தண்ணீர் எங்கே நிற்கும், ராத்திரி எந்த மூலையில் குடிக்க உட்காருவார்கள், எந்தப் பக்கம் விளக்கு வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. அந்த விவரம் உங்கள் அலுவலகக் கணினியில் கிடைக்காது.

ஆகவே, பணிவோடு மறுபடியும் கேட்கிறோம். டெண்டருக்கு முன்னால் வரைபடத்தோடு வாருங்கள். வேலை நாளில், காலை பதினொரு மணிக்கு வைத்தால் கூலிக்குப் போகிறவர்கள் யாரும் வர முடியாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வையுங்கள். ஒரு வாரம் முன்னால் ரேஷன் கடையிலும் பால் டிப்போவிலும் நோட்டீஸ் ஒட்டுங்கள். கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ள ஒருவர் கட்டாயம் வர வேண்டும். அதுவரை அந்த வேப்பமரத்தில் கோடாரி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிழற்குடைக்குக் கூரையின் மேல் ஓலைத் தட்டியும், இருக்கையில் ஒரு மரப்பலகையும் போட்டுத் தர முடியுமா என்பதையும் அந்தக் கூட்டத்திலேயே பேசிவிடலாம். அதற்கு டெண்டர் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
காட்பாடிப் பக்கத்து மனைப்பிரிவில் குடியிருந்து, சொத்து வரியைத் தவணை தவறாமல் கட்டிவரும் ஒருவன்